செல்லியாறு

ஆறு மேட்டில் ஏறியிருந்தது.

கண் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த மேஜையில் உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொருகத்தான் செய்யும். மேற்கு ஜன்னலில் இறங்கும் வெயில், புதுத் தாளின் மை வாசனை, தலைக்குமேல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கடக்கென்று இடித்துக்கொள்ளும் மின்விசிறி, பக்கத்து அறையில் யாரோ இழுப்பறையைத் திறந்து மூடும் ஓசை, எல்லாம் சேர்ந்துகொண்டு ஆளைத் தாலாட்டும். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து மறுபடி பார்த்தாள். ஏறித்தான் இருந்தது.

நிலப்பட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாமல் போகுமா? தாளில் பழுப்பு நிறத்தில் நெளிந்து ஓடும் கோடுகள் உயரத்தைச் சொல்பவை. ஒரு கோட்டின்மேல் எங்கே விரல் வைத்தாலும் அந்த இடமெல்லாம் ஒரே உயரம். நீலக் கோடு ஆறு. நீலம் பழுப்பைத் தாண்டும்போதெல்லாம் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்குத்தான் போகும், ஏனென்றால் தண்ணீர் பள்ளத்தைத்தான் பார்க்கும். இங்கே அது நூற்றுப்பத்தைத் தாண்டி நூற்றிருபதுக்கும், அதைத் தாண்டி நூற்றுமுப்பதுக்கும் போயிருந்தது. ஓட்டத்தைக் காட்டும் குட்டி அம்புக்குறியும் மேட்டைப் பார்த்தே நின்றது. அதன் பக்கத்தில், வளைவோடு வளைந்து, அவள் கையாலேயே எழுதிய எழுத்து: செல்லியாறு.

அவள் வேலை கோடு போடுவது இல்லை, பெயர் எழுதுவது. ஊர்ப் பெயரை நிமிர்த்தி எழுத வேண்டும், ஆற்றின் பெயரை நீலத்தில் சாய்த்து, படிக்கிறவன் கழுத்தைத் திருப்பாதபடி வளைத்து எழுத வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணினி வந்த பிறகும் அந்த எழுத்தைத்தான் படம் பிடித்துப் பதித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகம் முழுக்க அவளுக்கு 'எழுத்தக்கா' என்று பெயர்.

"என்ன எழுத்தக்கா, தாளை இப்படி முறைக்கறீங்க?" பிரிவுத் தலைவர் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

"இந்த ஆறு மேல ஏறுது சார்."

"ஏன், மாடி வீட்டுக்குக் குடி போகுதாமா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "சர்வேயர் வெயில்ல மயங்கியிருப்பார். கூப்பிட்டுக் கேளுங்க."

சர்வேயர் வந்தார். வெயிலில் கருத்த, வாய் ஓயாத மனிதர். குறை சொல்லாமல் ஒரு தாளை ஒப்படைக்கத் தெரியாதவர். அன்றைக்கு நாற்காலியில்கூட உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு தடவை அளந்தேன் அக்கா. மூணு தடவையும் அதேதான்."

"கருவி பழுதா இருக்கும்."

"கருவிய விடுங்க. நான் கண்ணால பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினார். "முழங்கால் ஆழம்தான். ரெண்டு ஆள் அகலம் இருக்கும். சத்தமே இல்லாம மேட்டுல ஏறிப் போகுது. ஒரு எடத்துல பாறை குறுக்க இருந்துச்சு. அங்க நின்னுச்சுக்கா. நின்னு, இந்தப் பக்கம் கொஞ்சம் போய்ப் பார்த்துச்சு, அந்தப் பக்கம் கொஞ்சம் போய்ப் பார்த்துச்சு. அப்புறம் சுத்திக்கிட்டுப் போச்சு. இதை எந்தப் படிவத்துல எழுதறது? நான் மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் போன பிறகு வெகுநேரம் அவள் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல் நுனி சில்லென்றிருந்தது.

*

அந்த ஆறு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வடக்கே ஒரு மொட்டைப் பாறையின் அடியில் மூன்று ஊற்றாகப் பிறந்து, ஒன்றாகி, பதினோரு ஊர்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கி, பெரிய ஆற்றில் போய் விழும். மொத்தம் நாற்பது கிலோமீட்டர்கூடத் தேறாது. வழியில் ஒரே ஒரு பாலம். கோடையில் சில இடங்களில் ஒரு தாண்டு தாண்டிவிடலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அதன் தாள் முதன்முதலாக அவள் மேஜைக்கு வந்தபோது அதற்குப் பெயர் இல்லை. பெயர் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. சர்வேயர் ஒவ்வொரு ஊரிலும் மூன்று பேரைக் கேட்டு, அவர்கள் சொல்வதைப் பெயர்ப் புத்தகத்தில் எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பெயர் கிடையாது என்று அவர்கள் சொன்னால் 'பெயர் இல்லை' என்று எழுதிவிடுவார்கள், தாளிலும் நீலக் கோடு சும்மா கிடக்கும். இந்த ஆற்றுக்கு மட்டும் பதினோரு ஊருக்கு நேராகவும் அப்போதைய சர்வேயர் 'பெயர் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார். கையெழுத்து எதுவும் இல்லை. ஓய்வு பெறப்போகிற கிழவர் வெயிலுக்குப் பயந்து மரத்தடியிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு தப்பு என்று அவளுக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

பதினோரு ஊர் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பெயர் இல்லை. அவளிடமோ ஆளில்லாத ஒரு பெயர் இருந்தது.

செல்லி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு ஏதோ நீளமாக இருந்தது, வீட்டில் அதை யார் கூப்பிட்டார்கள்? ஏழு வயது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளும் கணவரும் ஒரு ஜோடிச் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். முதல் வாரம் முழுக்க அவர் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் சுற்றினார். பிறகு ஒருநாள் நிறுத்தினார். நிறுத்தியது நிறுத்தியதுதான். அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், வீட்டின் முன்னறைதான் கடை. அவள் வாய்தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், ஊசியும் துணியும் இல்லாத ஏதாவது ஒரு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு அவளும் சொல்வதை விட்டாள். உலகத்தில் யாருமே உச்சரிக்காமல் ஒரு பெயர் கிடந்தது. அது அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

அதனால்தான் அன்றைக்கு மதியம், பிரிவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூன்று பேனாக்களை எடுத்து, ஒவ்வொரு ஊருக்கு நேராகவும் மூன்று பேர் கையெழுத்தை அவளே போட்டாள். பெயருக்கு உரிய கட்டத்தில் 'செல்லியாறு' என்று எழுதினாள். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. தாளில் அந்த ஐந்து எழுத்தையும் எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு அழகாக அவள் வேறு எதையும் எழுதியதில்லை.

வரைபடத்தில் ஏறிவிட்டால் பெயர் தானாக நடக்கும். பாலத்தில் பலகை வைத்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பெயரே வந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் வேலை மெனக்கெட்டு அந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். கண்டக்டர் கம்பியைத் தட்டி, "செல்லியாறு! செல்லியாறு எல்லாம் முன்னாடி வா!" என்று கத்தும்போது கண்ணீர் பொத்துக்கொண்டு வரும். ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெண் போனில், "செல்லியாறு தாண்டிட்டேன், வந்துடறேன்" என்றாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில், முன்னறையில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்று அவளும் ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவை. அதற்கும் யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

*

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாலு வருஷத்துக்கு முந்தையது, போன வருஷம் திருத்தியது, இப்போது வந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நூல் வைத்து அளந்தாள். முதல் தாளில் ஆறு நேராகத் தெற்கே போயிற்று. நகரத்துக்கும் அதற்கும் பதினான்கு கிலோமீட்டர். இரண்டாவதில், பாலத்துக்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு வளைவு முழங்கையை மடக்கினாற்போல் கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு கிலோமீட்டர். மூன்றாவதில் அந்த முழங்கை நீண்டு, மேட்டின்மேல் ஏறி, கல் குவாரியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. ஒன்றரை.

அளவுகோலை அதன் நுனியில் வைத்து ஒரு கோடு இழுத்தாள். கோடு குவாரி, மரக்கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தாண்டி நகரத்தின் கடைசித் தெருவுக்குப் போயிற்று. கடைசித் தெருவின் கடைசி வீடு அவளுடையது.

ஒரு வாரமாகவே வீடு சரியில்லை என்று அவளுக்குத் தெரியும், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். நாலு மாதமாக மழை இல்லை, தெருவில் புழுதி கணுக்காலுக்கு இருக்கிறது, ஆனால் வீட்டின் கொல்லைப் பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிக் கறுத்திருந்தது. சாக்கடை நாற்றம் இல்லை. பாசியும் நனைந்த கல்லும் சேர்ந்த ஒரு வாசனை, விடிகாலையில் ஆள் இறங்காத குளத்தில் வருமே அது, சமையலறை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய்க்குள், கீழே எங்கோ ஆழத்தில், களக் களக்கென்று ஏதோ ஒன்று கொஞ்சம் ஏறும், கொஞ்சம் நிற்கும், கை நழுவினாற்போல் மறுபடி இறங்கும்.

"பக்கத்து வீட்டுக்காரன் பைப் ஒழுகுது" என்றார் கணவர், சுவரைத் தட்டிப் பார்த்து. பிறகு தொட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். "யாரோ மூச்சு விடற மாதிரி இல்ல?"

"எலியா இருக்கும்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கொல்லைக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை. இருட்டும் வரை குழாய்க்குள் அந்தச் சத்தம் கொஞ்சம் ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் திருத்தப் படிவம் ஒன்றை நிரப்பினாள். பெயரை எடுக்க வேண்டுமென்றாலும் மூன்று சாட்சி வேண்டும், ஆற்றங்கரை ஆட்களாக இருக்க வேண்டும். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மேஜையில் விரித்தது விரித்தபடி கிடக்க, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

*

இத்தனை சனிக்கிழமைகளில் அவள் பாலத்தில் இறங்கியதே இல்லை. இறங்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே பார்த்தாள். தண்ணீர் இல்லை. கோடையில் வற்றினால் நடுவில் சேறாவது, குட்டையாவது, பட்டுப்போன பாசியாவது இருக்கும். இங்கே மணல் பெருக்கி விட்டாற்போல் சுத்தமாகக் கிடந்தது. ஒரு கூழாங்கல்கூட இல்லை. குடிபோகிறவர்கள் சாமான் செட்டைக் கட்டிக்கொண்டு போவதுபோல் ஆறு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

கரையோரம் ஒரு பெண் காலியான செங்கல் அச்சுகளைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் காய்ந்து வெடித்த மண் குவியல். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும்.

"ஆபீஸ்ல இருந்து வர்றீங்களா? தண்ணி போயிடுச்சு, எழுதிக்கோங்க."

"எங்க போச்சு?"

செங்கல்காரி கிழக்கே கையை நீட்டினாள். "கூப்பிட்ட எடத்துக்கு."

அவள் படிவத்தை எடுத்தாள். "இதுக்கு முன்னாடி இந்த ஆத்துக்கு என்ன பேரு?"

"பேரு கிடையாது. வைக்க மாட்டோம். தண்ணிக்குப் போறேன்னு சொல்லுவோம், அந்தப் பக்கம் போகாதேன்னு பிள்ளைங்கள அதட்டுவோம், அவ்வளவுதான். உங்க ஆளு ஒருத்தர் வீடு வீடாக் கேட்டாரு. பேரு இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இல்லன்னு சொன்னா நீங்க ஒண்ணு வச்சிடுவீங்களே."

"வச்சா என்ன?"

"பேரு இல்லாத வரைக்கும் அது தண்ணி. அது பாட்டுக்குப் போகும். பேரு வச்சா அது பிள்ளை. பிள்ளைன்னா வீடு தேடாதா?" அவள் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, செங்கல் விலை சொல்வதுபோல்தான் சொன்னாள். "பலகை வச்சீங்க. பஸ்காரன் கூவினான், பிள்ளைங்க பாலத்துல நின்னு கூவிச்சு. அதெல்லாம் வெறும் சத்தம், அது கண்டுக்கல. எங்கயோ ஒருத்தர் மட்டும் ஆசையாக் கூப்பிட்டிருக்காங்க. ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் பார்க்கறப்பவே தலையத் தூக்கிப் பார்த்துச்சு."

அவள் இன்னொரு அச்சின்மேல் உட்கார்ந்தாள். படிவத்தை நீட்டி, இந்தப் பெயர் இங்கே வழக்கத்தில் இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கெஞ்சினாள். செங்கல்காரி அதை வாங்கக்கூட இல்லை.

"இல்லாதப்பவே இல்லன்னு சொல்லாதவங்க நாங்க. இருக்கறப்ப எப்படிம்மா இல்லன்னு போடறது?"

"அப்ப என்னதான் வழி?"

"கூப்பிடறத நிறுத்தணும். கூப்பிடலன்னா வழி தெரியாது. நின்ன எடத்துலயே நிக்கும். நின்னு நின்னு வத்திடும்." அப்போதுதான் செங்கல்காரி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் குரல் இறங்கிற்று. "உங்க பிள்ளை பேரா?"

தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குமேல் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதாள். செங்கல்காரி மண் ஒட்டிய கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளைத் திட்டவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கம்பியைத் தட்டியபோது காதைப் பொத்திக்கொண்டாள். இனி அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சத்தமாகவும் இல்லை, மனதுக்குள்ளும் இல்லை. குவாரியின் பக்கத்தில் எங்கோ ஒரு மேட்டில், அடுத்த வார்த்தைக்குக் காது கொடுத்து நின்றபடி அது வற்றட்டும். பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவை சாகக் கொடுப்பதைப் போலத்தான் இருந்தது. ஒரே ஒரு நிம்மதி, வீட்டில் கூப்பிட வேறு ஆள் இல்லை. ஒன்பது வருஷமாக எந்த மௌனத்துக்காகக் கணவரை மனதுக்குள் கரித்துக்கொட்டினாளோ, அதற்கே அன்றைக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. தெருவில் வெயில் இன்னும் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது, புழுதி காய்ந்து பறந்துகொண்டிருந்தது, எதிர்வீட்டு ரேடியோவில் யாரோ விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரு மெஷின் வயிற்றைத் திறந்தபடி கிடந்தது. திருகுகள் ஒரு தட்டில். எண்ணெய்க் குப்பி மூடாமல். அவர் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் தாள்கள் இடம் மாறியிருந்தன. முதல் தாள் மேலே வந்திருந்தது. நீல எழுத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கை பட்ட கறை. அவள் எழுத்தை அவருக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கடிதமாகப் படித்த எழுத்து.

பின்பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"செல்லி."

ஒன்பது வருஷம். அந்தக் குரலில் அந்தப் பெயர். முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்.

பிறகு பாசி வாசனை வந்தது.

நடையைத் தாண்டினாள். சமையலறையைத் தாண்டினாள். குழாயில் சத்தம் இல்லை. எங்கேயும் சத்தம் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

வேலிக் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் அகலம். பக்கவாட்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வேலியிலிருந்து வீட்டுக்கு மூன்று படி. அது ஒரு படி ஏறியது. நின்றது. அடுத்த படி ஏறியது. நின்றது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிற குழந்தையைப் போல.

மேல்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னே ஏறிவிட்ட தண்ணீர் அவர் இடுப்பு வரை நின்றது. மடியில் குவியலாகத் தண்ணீர். அவர் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. மூன்றாகப் பிரித்தார். ஒன்றின்மேல் ஒன்றை மாற்றினார். இழுத்து இறுக்கினார். காலையில் அவள் அலுவலகத்துக்கு ஓடிவிடுவாள், பிள்ளைக்கு அவர்தான் சடை பின்னிவிடுவார். தண்ணீர் பின்னலாக நின்றது.

"இறுக்கிட்டேனா? வலிக்குதா செல்லி?"

தண்ணீர் வயிற்றுக்கு ஏறியது.

"ஏங்க!" அவள் கத்தினாள். "கூப்பிடாதீங்க! எழுந்து வாங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். அழுதிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டா பாரு. எழுதி வச்சிருக்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"அது அவ இல்லங்க. சொன்னாக் கேளுங்க."

"நான் கூப்பிடாததாலதான் இத்தனை நாள் வரல போல." குரல் உடைந்தது. "பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அப்பா கோபமா இருக்கார்னு நினைச்சிருப்பா. செல்லி. அப்பாவுக்குக் கோபம் இல்லடி."

மார்பு.

ஓடிப் போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கல்லைப் போலக் குளிர்ந்திருந்தார். எத்தனை கனம். தண்ணீர் அவள் கையைத் தொட்டது, தொட்டுப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. கூப்பிட்டவரிடம்தான் அது வந்திருக்கிறது.

"செல்லி."

கழுத்து.

வாயைப் பொத்தினாள். அவள் விரல்களுக்கு அடியில் அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லாமல், அதே பெயர். தண்ணீர் அவள் கைக்கு மேலே ஏறியது. மோவாய். உதடு. மூக்கு. குமிழி. திறந்த கண் இரண்டும் சிரித்தபடி. தண்ணீருக்கு அடியில் கைகள் இன்னும் பின்னிக்கொண்டிருந்தன.

கூப்பிட்ட இடத்துக்கு. கூப்பிட்ட இடத்துக்குத்தான் போகும்.

கையை எடுத்தாள். எழுந்தாள். பின்னால் பின்னாலேயே நடந்தாள். சமையலறை. நடை. முன்னறைச் சுவர் முதுகில் இடித்தது. அதற்குமேல் போக இடமில்லை. நடையின் அந்தக் கோடியில், கதவுச் சட்டத்துக்குள், மஞ்சள் வெயிலில் அந்தத் தண்ணீர்க் குவியல் தெரிந்தது.

வாயைத் திறந்தாள். நாலு வருஷமாக முணுமுணுத்த பெயரை, பள்ளிக்கூட வாசலில் நூறு பிள்ளைகளுக்கு நடுவே கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"செல்லி!"

தண்ணீருக்குள் கைகள் நின்றன. பின்னல் நழுவியது. அவர் மடியிலிருந்து அது எழுந்து நின்றது. அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். இருமினார். மூச்சு வந்தது. உயிர் இருந்தது.

அது திரும்பியது. ஏழு வயதுப் பிள்ளையின் உயரம். தோளில் பாதி பின்னிய சடை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, பின்னால் இருந்த வானம்தான் தெரிந்தது.

நடையின் தரையில் சப்பென்று ஒரு காலடி விழுந்தது. இன்னொன்று. பிறகு ஓட ஆரம்பித்தது. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாளே, அதே மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்து, சப் சப் சப்பென்று. அதற்குப் பின்னால் கொல்லைக் கதவு நிறைய, வேலி நிறைய, சத்தமே இல்லாமல், மீதி ஆறு முழுவதும் வந்துகொண்டிருந்தது.

அவள் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தாள்.